பதினாறு நாள் நிம்மதி

என் கணவர் ஐந்தாவது முறை இறந்தபோது யாரும் வரவில்லை. முதல் நான்கு முறையும் யாரும் வரவில்லைதான். ஆனால் அப்போதெல்லாம் அவரே எழுந்து உள்ளே வந்து, "காபி இருக்கா?" என்று கேட்டார்.

இது புரிய வேண்டுமென்றால் காக்காயிலிருந்து தொடங்க வேண்டும். காக்காய் என்று எங்கள் தெருவில் சொல்வது நிஜக் காக்காயை அல்ல. நிஜக் காக்காய் சோறு வைத்துக் கூப்பிட்டால்தான் வரும். அதற்கு ஒரு நாகரிகம் உண்டு. இது கூப்பிடாமல் வருவது. கறுப்பாக, இரண்டு கையகலத்தில், விர்ரென்று பறந்து வந்து வாசலில் நோட்டீஸைப் போட்டுவிட்டுப் போகும் இயந்திரம்.

எல்லாம் ஒரு நல்ல சட்டத்தால் வந்த வினை. எந்த விளம்பரக்காரரும் யாருடைய பெயரையும், போன் நம்பரையும், முகத்தையும் சேமித்து வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது நாங்களெல்லாம் கைதட்டினோம். போன் வாயை மூடிக்கொண்டது. ஒரு வாரம் சொர்க்கம். அடுத்த வாரம் பெயர் தெரியாமலேயே வர ஆரம்பித்தார்கள். "அன்புள்ள குடியிருப்போருக்கு" என்று தொடங்கும் நோட்டீஸ்கள். முழங்கால் வலித் தைலம், பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடத்தில் மனைக்கட்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவச பிரியாணி, பிறந்த குழந்தைக்கு டாக்டர் படிப்புக்கான முன்பதிவு. பெயர் தெரியாதவர்கள் காட்டுகிற அன்பு இருக்கிறதே, அதற்கு அளவே கிடையாது. திருச்சி முத்தழகு நகர் மூன்றாம் தெருவில் காலையில் கதவைத் திறந்தால் பால் பாக்கெட்டைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? வீட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தது. "எங்களுக்கு விளம்பரம் வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கேட்டில் மாட்டினால் காக்காய் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். அட்டையின் கீழே சின்ன எழுத்தில், இதை வழங்குவோர் இன்ன ஜவுளிக்கடை என்று போட்டிருந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அட்டை மாட்டிய பிறகு நோட்டீஸோடு கூடுதலாக இன்னொரு தாளும் வாராவாரம் வந்தது. "விளம்பரம் வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி" என்று அதில் இருக்கும். பின்பக்கத்தில் விளம்பரம்.

என் கணவர் சிதம்பரநாதன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருச் சங்கத்தின் செயலாளர். எதையும் முறைப்படி செய்வார். முறைப்படி புகார் எழுதினார். காக்காய்க் கம்பெனியிலிருந்து நல்லுறவு அலுவலர் என்று ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். இன்பராஜ் என்று பெயர். கழுத்தில் டை, கையில் டேப்லெட், முகத்தில் கழுவினாலும் போகாத புன்னகை.

"அட்ட வேலையே செய்யலீங்களே," என்றேன்.

"நல்லா வேல செய்யுது மேடம். போன மாசம் உங்களுக்குக் கொசுவல நோட்டீஸ் ஏதாவது வந்துச்சா?"

"வரல."

"பாத்தீங்களா!"

"பிரியாணி நோட்டீஸ் வருதே?"

"அது உணவு மேடம். அத்தியாவசியத்த நிறுத்த முடியாது."

"மனக்கட்டு?"

"இருப்பிடம். அதுவும் அத்தியாவசியம்."

"நகை?"

"சேமிப்பு விழிப்புணர்வு."

"ஜோசியக்காரன் நோட்டீஸ் வருதேப்பா."

"மக்களோட நம்பிக்கைல நாங்க எப்படி மேடம் தலையிட முடியும்?"

"அப்ப அட்ட எதத்தான்யா நிறுத்தும்?" என்றார் என் கணவர்.

"கொசுவல சார்," என்றார் இன்பராஜ், கொஞ்சம் பெருமையாகவே.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எதிர் வரிசையில் கடைசி வீட்டைக் காட்டினேன். "அவங்களும் இதே அட்டயத்தான் மாட்டியிருக்காங்க. அங்க மட்டும் ஒரு தாள்கூட விழுறதில்லையே, எப்படி? அவங்க யாருக்காவது காசு குடுத்தாங்களா?"

இன்பராஜ் டேப்லெட்டைத் தடவினார். புன்னகை முதல்முறையாக இறங்கியது. குரலையும் இறக்கிக்கொண்டு, "பாவம் மேடம், அது துக்க வீடு. துக்க வீட்டுக்குப் பதினாறு நாள் எதுவும் போடமாட்டோம். ஒரு எழவு வீட்ல நகை நோட்டீஸ் விழுந்து, சொந்தக்காரங்க எங்க மெஷினப் பிச்சு எறிஞ்சிட்டாங்க. அதுலேருந்து அது எங்க பாலிசி," என்றார்.

"அந்த வீட்ல யாரும் சாகலையே?"

"மூணு வருஷமா தொடர் துக்கம் மேடம். சிஸ்டம் பொய் சொல்லாது. மெஷினுக்குப் பேர் தெரியக் கூடாது, முகம் தெரியக் கூடாது. வாசலப் பாத்துத்தான் கண்டுபிடிக்கும். இந்த வீட்ல ஒருநாள்கூட கோலம் இல்ல. பொங்கலுக்கு இல்ல, தீபாவளிக்கு இல்ல. கோலம் இல்லன்னா துக்கம்தானே?"

அந்த வீட்டில் இருப்பது மெஹருன்னிசாவும் அவள் கணவர் சிக்கந்தரும். மூன்று வருடத்தில் அவர்களுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். கோலம் போடாத மனிதர்களும் தமிழ்நாட்டில் குடியிருக்கலாம் என்பது சிஸ்டத்தை எழுதிய மேதைகளுக்குத் தோன்றவே இல்லை.

இதை ஒரு ஜோக்காகச் சொல்லலாம் என்று அன்று மாலையே மெஹரு வீட்டுக்குப் போனேன். அவள் சிரிக்கவில்லை.

"அதான் எங்களுக்கு எதுவுமே வரலையாக்கா?" என்றாள்.

"குடுத்து வெச்சவ நீ."

"நோட்டீஸ் போகட்டும். தண்ணி வராதுன்னு மாநகராட்சி போடுறதும் அந்தக் காக்காதானே போடுது? அதுவும் வராது. கொடம் கொடமாப் புடிச்சு வெக்கிறவங்களப் பாத்துத்தான் நான் புடிப்பேன். அப்புறம்..." என்று நிறுத்தினாள். "உங்க பொண்ணு வளகாப்பு."

என் பெண்ணின் வளைகாப்புக்குத் தெரு முழுவதும் பத்திரிகை வைத்தோம். வைத்தோம் என்றால், செயலியில் "தெரு முழுவதும்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினேன். இப்போது யார் வீடு வீடாகக் குங்குமச் சிமிழோடு போகிறார்கள்? காக்காய் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அன்று மெஹரு வரவில்லை. அவர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

"நீங்க வேணும்னேதான் விட்டுட்டீங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றாள் மெஹரு. "இவருகூட, கேக்காத, விட்ருன்னு சொன்னாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை நாளாக ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் இதைச் சுமந்திருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பரவால்லக்கா என்று டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவள் வாசலில் கோலம் முளைத்தது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் கோலம், தாமரைப் பூ போட்டது. தரையில் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் காக்காய் மழை. அவளுக்கு ஒரே சந்தோஷம். பிரியாணி நோட்டீஸையெல்லாம் சேர்த்து வைத்து, இலவசமாக வருகிற ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்பினாள்.

எனக்கு வெட்கம் அரை நாள் இருந்தது. அதற்குள் என் கணவருக்கு யோசனை வந்துவிட்டது.

"மரகதம், நாளைலேருந்து கோலம் போடாத."

"எதுக்குங்க?"

"பதினாறு நாள் நிம்மதி."

வேலை செய்தது. ஒரு தாள்கூட விழவில்லை. பால் பாக்கெட்டைக் கண்ணால் பார்த்தோம். பக்கத்து வீட்டு குலசேகரன் மோப்பம் பிடித்துவிட்டார். காலை நடைக்குப் போகிறவர், உலகத்தில் எந்த விஷயமும் தனக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்று நினைக்கிறவர். அவர் வழியாகத் தெருவுக்கே தெரிந்தது. ஒரே வாரத்தில் மூன்றாம் தெருவில் மெஹருன்னிசா வீட்டைத் தவிர வேறெங்கும் கோலமில்லை.

கம்பெனிக்கும் மூளை இருக்கிறது. ஒரே தெருவில் இத்தனை சாவா என்று சந்தேகப்பட்டு, கோலம் இல்லாவிட்டால் மட்டும் போதாது, வாசலில் நாற்காலி வேண்டும், போஸ்டர் வேண்டும் என்று சிஸ்டத்தை மாற்றினார்கள். சங்கம் மொத்த விலைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியது. வீட்டுக்கு நான்கு. அடுத்து, அழுகைச் சத்தம் கேட்டால்தான் நம்பும் என்று மாற்றினார்கள். குலசேகரன் எங்கிருந்தோ ஒரு செயலியைக் கண்டுபிடித்து வந்தார். அதில் நெருங்கிய உறவு அழுகை, தூரத்து உறவு அழுகை, மாரடிக்கிற அழுகை என்று தனித்தனியாக உண்டு. காலையில் காக்காய் வருகிற நேரத்துக்கு எல்லா வீட்டிலும் ஸ்பீக்கரில் ஓடும். நாங்கள் அந்தச் சத்தத்தில் தோசை வார்க்கப் பழகிவிட்டோம்.

போஸ்டருக்குப் படம் வேண்டுமே? என் படத்தை வைக்கலாம் என்றேன். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன் படத்த வெச்சா எனக்குச் சோறு எறங்காது."

"உங்க படத்த வெச்சா எனக்கு மட்டும் எறங்குமா?"

"நீ தைரியசாலி. ரெண்டு நாள்ல பழகிடுவ."

பழகிவிட்டது. அதுதான் கொடுமை. "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டு, நடுவில் அவர் சிரிக்கிற படம், கீழே தோற்றம், மறைவு. மறைவுக்கு நேரே இடம் காலி. போஸ்டரை லேமினேட் செய்து வைத்துக்கொண்டார். பதினாறு நாளுக்கு ஒருமுறை பழைய தேதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மார்க்கர் பேனாவால் புதுத் தேதி எழுதுவார். காக்காய்க்கு முகத்தை நினைவில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். தனிமனித ரகசியம் என்பது இவ்வளவு பெரிய வசதி என்று சட்டம் போட்டவர்களுக்கே தெரிந்திருக்காது.

இதற்குத் தெருவில் ரீசார்ஜ் என்று பெயர். வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். "சார், உங்க சாவு எப்ப முடியுது?" "வெள்ளிக்கிழம." "எனக்கு நாளையோட முடியுது, மாமியாரப் போடலாம்னு இருக்கேன்." புதிதாக இறந்தவருக்கு எல்லோரும் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட வேண்டும் என்பது குலசேகரன் கொண்டுவந்த தீர்மானம். ஒற்றுமை வேண்டுமாம். இரங்கலோடு ஒரு சிரிப்பு பொம்மையும் சேர்ந்தே வரும்.

இப்போது ஐந்தாவது முறைக்கு வருகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஈரத்துணியும் மார்க்கருமாக வாசலுக்குப் போனார். நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. நான் டிகாஷன் இறங்கக் காத்திருந்தேன். காபியை ஆற்றிக்கொண்டு வெளியே வந்தால், போஸ்டருக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மார்க்கர் மடியில் கிடந்தது. "என்னங்க" என்று தொட்டேன். கை சில்லிட்டிருந்தது.

போஸ்டரில் அன்றைய தேதியைச் சரியாக எழுதியிருந்தார். எதையும் முறைப்படி செய்கிறவர்.

நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஸ்பீக்கரில் பெண்கள் என்னைவிட நன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

குலசேகரன் நடையை முடித்துவிட்டு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். போஸ்டர், அதன் கீழே என் கணவர், பக்கத்தில் தலைவிரி கோலமாக நான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"தத்ரூபமா இருக்கு மேடம்! சாரையே உக்கார வெச்சிட்டீங்க பாருங்க, அந்த ஐடியா யாருக்குமே வரல!"

"குலசேகரன் சார், இவரு போயிட்டாரு சார்! நெஜமாவே போயிட்டாரு!"

"அப்படித்தான், அப்படித்தான். காக்கா வர நேரம். நான் டிஸ்டர்ப் பண்ணல," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் கணவர் நாற்காலியில் சரிந்துகொண்டே வந்தார். பிடித்தால் ஓட முடியாது, ஓடினால் விழுந்துவிடுவார். தூக்கி உள்ளே படுக்கவைக்க என் ஒருத்தியால் ஆகாது. அவர் தோள் துண்டை எடுத்து நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவரை மூட்டை மாதிரி கட்டினேன். மகளுக்குப் போன் செய்தேன். அலறிக்கொண்டு பெங்களூரில் இருந்து கிளம்பினாள். வந்து சேர மதியம் தாண்டும். குழுவில் "என் கணவர் இறந்துவிட்டார்" என்று போட்டேன். "ஆழ்ந்த இரங்கல்" வரிசையாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தச் சிரிப்பு பொம்மை. எதிர் வீட்டு அழைப்பு மணியை அடித்தேன். கேமராவில் பார்த்துவிட்டு, "எங்க ரீசார்ஜ் போன வாரமே போட்டாச்சுங்க," என்று ஒரு குரல் வந்தது.

எதிர் வரிசையின் கடைசிவரை ஓடினேன். மெஹருன்னிசா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் கோலம் இருந்தது. திரும்பிவிட்டேன்.

வந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். தெரு முழுவதும் நாற்காலி, தெரு முழுவதும் போஸ்டர், தெரு முழுவதும் ஒப்பாரி. சாவைச் சொல்ல எங்கள் ஊரில் என்னென்ன உண்டோ அத்தனையையும் நாங்கள் பிரியாணி நோட்டீஸுக்குச் செலவழித்துவிட்டோம். எனக்கென்று ஒன்றுகூட மிச்சமில்லை. நிஜமாகவே செத்தால் என்ன செய்வது என்று சங்கக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அப்போதுதான் எழுந்து உள்ளே போனேன். கோலமாவு டப்பா அலமாரியின் மேல்தட்டில், மாதக் கணக்கில் தொடாமல் கிடந்தது. வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். அவர் கால்மாட்டிலிருந்து கேட்டைத் தாண்டி நடுத்தெருவரைக்கும் பெரிய கோலமாக இழுத்தேன். பொங்கலுக்குக்கூட அவ்வளவு பெரிதாகப் போட்டதில்லை. ஒரு புள்ளியும் நேராக நிற்கவில்லை. பூசணிப்பூவுக்குப் பதில் போஸ்டரில் அவர் படத்துக்குச் சாத்தியிருந்த பிளாஸ்டிக் மாலையைப் பிய்த்து நடுவில் வைத்தேன்.

முதல் காக்காய் வந்தது. ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுப் போய், கூட்டத்தையே கூட்டிவந்தது. எங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் பாக்கியோ அத்தனையையும் கொட்டின. பக்கத்து வீட்டு வாசல்களிலும் சிதறின. ஒப்பாரிக்குத் திறக்காத கதவுகளெல்லாம் கோலத்துக்குத் திறந்தன.

"யாரு கோலம் போட்டது?"

"அவங்க வீட்டு நோட்டீஸெல்லாம் எங்க வாசல்லயும்ல விழுது!"

குலசேகரன் துடைப்பமும் வாளித் தண்ணீருமாக ஓடிவந்தார். "மேடம், உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? செயலாளர் வீட்லயே இப்படிப் பண்ணா..." என்று வாளியைத் தூக்கினார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நோட்டீஸ்கள் என் கணவரின் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தன. அவர் தட்டிவிடவில்லை. துண்டின் முடிச்சைக் குலசேகரன் பார்த்தார். வாளி கைநழுவிக் கோலத்தில் பாதி கரைந்து ஓடியது.

பிறகு எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஸ்பீக்கர் நின்றது. நான்கு பேர் அவரைத் தூக்கினார்கள். குலசேகரன் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். நிஜ அழுகை அவருடைய செயலியில் இருந்த எதைப் போலவும் இல்லை. நான்கு நாற்காலிகள் போதவில்லை என்று வீடு வீடாகப் போய் எடுத்துவந்தார்கள். தேதி சரியாக இருந்ததால் போஸ்டரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மெஹருன்னிசா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் கீரைக் கறை. என்னைக் கட்டிக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"எங்க வீட்டுக்கு ஏங்க்கா வரல? காலைலேருந்து கதவத் தெறந்து வெச்சுட்டுக் கீர ஆஞ்சிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் அவரும் ஓடி வந்திருப்போமே?"

"வந்தேன் மெஹரு. வாசல் வரைக்கும் வந்தேன். கோலம் போட்டிருந்துச்சு. தாலியறுத்தவ, எழவோட வந்து மங்களமான வாசல மிதிக்கக் கூடாதுன்னு திரும்பிட்டேன்."

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அது ஸ்டிக்கர்தாங்க்கா," என்றாள்.